இம்காவின் பத்தொன்பது பங்குதாரர்கள்

இடது கையில் சீஸ் வைத்து மடித்த கறுப்பு ரொட்டி, வலது கையில் மௌஸ். இம்கா பொப்பிங்கா மதிய உணவை நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். ரிகா துறைமுகத்தில் வேலைநிறுத்தம் என்று திரையின் ஓரத்தில் செய்தி ஓடும். அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கும் சரக்குக் கப்பலை ஒரு சொடுக்கில் வேறு துறைமுகத்துக்குத் திருப்பிவிடுவார். "மன்னிச்சுக்கோ, சுத்துவழிதான்" என்று கப்பலிடம் சொல்லிவிட்டு ரொட்டியை ஒரு கடி கடிப்பார். காத்திருப்போர் அறையின் கதவு திறந்து, கன்னத்தைப் பிடித்தபடி ஒரு தலை எட்டிப் பார்க்கும். அது வாயைத் திறப்பதற்குள் பதில் போய்விடும்: "பதினெட்டு நிமிஷம்."

பதினெட்டு என்றால் பதினெட்டுதான். 'கொஞ்ச நேரம்', 'இதோ இப்ப' போன்ற சொற்கள் அவரிடம் கிடையாது. வடஜெர்மனியின் லேர் நகரில் பல் மருத்துவர் தம்மேனாவின் வரவேற்பு மேசையில் இருபத்து மூன்று வருடங்களாக இருக்கிறார். வயது ஐம்பத்தேழு. ஒரு கண்ணாடி மூக்கில், இன்னொன்று தலையில். பென்சிலைப் பாதியாக ஒடித்துத்தான் எழுதுவார். முழுப் பென்சில் மேசையிலிருந்து உருண்டு விழும், நோயாளிகள் திடுக்கிடுவார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். "பயந்து வர்றவன்கிட்ட வலிக்காதுன்னு சொல்லக் கூடாது. வலிக்கும், ரெண்டு நிமிஷம் வலிக்கும்னு சொல்லிடணும். ரெண்டு நிமிஷத்த யாரும் தாங்கிக்குவாங்க."

இதே கொள்கையை வைத்துத்தான் பதினோரு கப்பல்கள் கொண்ட ஒரு நிறுவனத்தையும் ஒன்பது வருடங்களாக நடத்திவந்தார். கப்பல்கள் கணினியில் மட்டும் ஓடுபவை. 'துறைமுகம்' என்ற அந்த இணைய விளையாட்டில் யார் வேண்டுமானாலும் கம்பெனி தொடங்கலாம், பங்குகள் வெளியிடலாம். காசுதான் விளையாட்டுக் காசு. பங்கு வாங்குகிறவர்கள் ரத்தமும் சதையுமான ஆட்கள்.

இம்காவின் பங்குதாரர்களில் பத்தொன்பது பேர் எங்கள் ஊர்க்காரர்கள். வேர்சிகிச்சைக்கு வந்த ஒருவர் அவர் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்து "அது யாரோட கப்பல்?" என்று கேட்டதில் தொடங்கியது, அப்படி ஒவ்வொருவராகக் காத்திருப்போர் அறையிலிருந்து சேர்ந்தார்கள். கடலணை வேலையில் ஓய்வுபெற்ற கிழவர் மென்னோ இருக்கிறார். டாக்டர் தம்மேனாவும் இருக்கிறார். பகலில் இம்காவுக்கு முதலாளி, விளையாட்டிலும் ஒருவகையில் முதலாளி. இம்காவின் முன்னாள் கணவர் ஓக்கோவும் இருக்கிறார், எம்டன் துறைமுகத்தில் புதுக் கார்களைக் கப்பலில் ஏற்றுகிறவர். ஆறு வருடங்களுக்கு முன் இருவரும் பிரிந்தபோது வீடு இவருக்கு, படகு அவருக்கு என்று எல்லாம் பேசிப் பிரித்தார்கள். கம்பெனிப் பங்குகளைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. அவை ஓக்கோவிடமே இருந்துவிட்டன. பத்தொன்பதாவது ஆள் நான். இம்கா வீட்டு மாடியறையில் நான்கு வருடங்களாகக் குடியிருக்கிறேன். குடிவந்த அன்று சாவியோடு சேர்த்துச் சில பங்குகளையும் என் பெயருக்கு எழுதிவிட்டார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் காகிதத்தில் கடிதம் எழுதுவார். கெட்ட செய்திதான் முதல் வரி. "பெரிய கப்பலின் இயந்திரம் போய்விட்டது. சரியாக நான்கு வாரம் ஆகும். லாபம் குறையும்." அதற்குப் பிறகுதான் வணக்கம், நலமா எல்லாம். ஒவ்வொரு பங்குதாரருக்கும் ஓர் அட்டை வைத்திருக்கிறார். மென்னோ: எண்ணெய்க் கப்பல் பிடிக்காது. டாக்டர்: படம் இருந்தால்தான் படிப்பார். ஓக்கோவின் அட்டையில் பெயரைத் தவிர எதுவும் இல்லை. திரையில் புயலறிவிப்பு வந்தால் இம்கா உட்காரமாட்டார். கப்பல் கரை சேரும்வரை எழுந்து நின்றுதான் பார்ப்பார்.

ஒன்பது வருடங்களில் அவர் கடிதத்துக்கு ஒருவரும் பதில் எழுதியதில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. எங்கள் பக்கத்தில் குறை இருந்தால்தான் வாய் திறப்போம். நிறைவாக இருக்கும்போது சொல்ல என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் மாதம் இரண்டாம் சனிக்கிழமை எல்லோரும் படகேறி, வடகடலில் இருக்கும் 'போர்க்கும்' என்ற தீவுக்குப் போவோம். அதற்குப் பெயர் பொதுக்குழு. கப்பல் நிலவரம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நாள் முழுக்கக் காற்றில் உட்கார்ந்து மீன் தின்போம். மென்னோ முகம் மழித்து நான் பார்ப்பது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். காரணம் இல்லாமல் ஒருவரையொருவர் பார்க்கப் போகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. பார்க்க வேண்டும்போல் இருந்தது என்று எவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கம்பெனி இருந்தது, அதனால் போனோம்.

அந்தக் கம்பெனிதான் இந்த ஜூன் மாதக் கடைசியில் கையைவிட்டுப் போகப் பார்த்தது.

விளையாட்டை நடத்துகிறவர்கள் வசந்தத்தில் ஒரு நீண்ட அறிவிப்பு அனுப்பியிருந்தார்கள். யாரும் படிக்கவில்லை. கடைசி வியாழக்கிழமை மாலைத் தேநீரின்போது நான்தான் படித்தேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பொடி எழுத்தைப் படிக்காமல் விட்டால் எதையோ கோட்டைவிட்டுவிடுவோம் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

"இம்கா, காலாண்டுக் கடைசில ஒரு கேள்வி வருமே, நிர்வாகத்தில் திருப்தியான்னு. நீங்க பாத்திருக்கீங்களா?"

"மூணு மூஞ்சி போட்டு வருமே, அதுவா? யாரு அதுக்குப் பதில் சொல்றா?"

"யாரும் சொல்றதில்ல. பாதிப்பேராவது சொல்லலேன்னா அந்தக் கேள்வியையே இதுவரைக்கும் விட்டுட்டாங்க. ஏப்ரல்லேர்ந்து அப்படியில்ல. முடியற நிமிஷத்துல பதில் சொல்லாம இருக்கறவங்க எல்லாரும் அதிருப்தின்னு எடுத்துக்குவாங்களாம்."

இம்கா சூடான தேநீரில் கற்கண்டைப் போட்டு, அது விரிசல் விடும் சத்தத்தைக் கேட்டார். "பேசாம இருக்கறவன் எப்படி அதிருப்தியா இருப்பான்?" என்றார். "அவனுங்க எந்த ஊர்க்காரனுங்க?"

மீதியையும் படித்துச் சொன்னேன். வந்த பதில்களை மட்டும் வைத்து ஏறி இறங்கும் திருப்திப் பட்டையின் நடுவில் ஒரு கோடு இருக்கும். காலாண்டு முடியும் நிமிடத்தில் பட்டை அந்தக் கோட்டைத் தொடவில்லை என்றால், தலைவரை அடுத்து அதிகப் பங்கு வைத்திருப்பவர் கையில் கம்பெனி தானாகப் போய்விடும். அதிகப் பங்கு வைத்திருப்பவரின் பதிலுக்கு மதிப்பும் அதிகம். முடியும் நேரம்: ஞாயிறு மாலை ஆறு மணி.

அடுத்து அதிகப் பங்கு யாரிடம் என்று இருவரும் பார்த்தோம். ஊர்க்காரர் இல்லை; எங்களைத் தவிர இருந்த ஒரே பங்குதாரர். இரண்டு வருடங்களாகச் சந்தையில் சத்தமில்லாமல் வாங்கிச் சேர்த்திருந்த ஒருவர். பெயர் தெரியாது, எஸ்ஸன் நகரம் என்று மட்டும் போட்டிருந்தது. எஸ்ஸன்காரன் என்றே அழைக்கத் தொடங்கினோம். இதற்கு முன்பு இரண்டு கம்பெனிகளை இப்படிப் பிடித்து, மூன்றே நாளில் கப்பல் கப்பலாக விற்றுத் தீர்த்தவன்.

இம்கா எழுந்து நின்றார். வானம் தெளிவாக இருந்தது, திரையில் புயல் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் நானும் மருத்துவமனைக்குப் போய் அவர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லோருக்கும் போன் செய்து ஏதாவதொரு முகத்தை அழுத்தச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. பட்டியலில் முதல் பெயர் ஹில்கா, பேக்கரியில் வேலை பார்ப்பவர். எங்கள் பக்கத்தில் வணக்கத்துக்கு 'மொய்ன்' என்போம்.

"மொய்ன் ஹில்கா. உன் சைக்கிள் டயர் சரியாச்சா? ... ம். ... ம். மழை வரும்போல இருக்கு. ... சரி, வெச்சிடறேன்."

"கேக்கவே இல்லையே நீங்க!"

"எப்படிக் கேக்கச் சொல்ற? என்மேல சந்தோஷமா இருக்கியான்னா? குடிச்சிருக்கேன்னு நெனப்பா."

அடுத்த இரண்டு அழைப்புகளும் அப்படித்தான். ஒன்றில் ருபார்ப் செடி, இன்னொன்றில் மருமகளின் முழங்கால். நான் கடிகாரத்தைக் காட்டினேன். இம்கா பாதிப் பென்சிலைக் காதில் செருகி, கண்ணை மூடி, நோயாளிகளிடம் பேசும் குரலை எடுத்துக்கொண்டார். அந்தக் குரல் வந்ததும் வேலை நடந்தது.

"ஹில்கா, திரும்பவும் நான்தான். கம்பெனிப் பக்கத்துல மூணு மூஞ்சி இருக்கும். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குள்ள ஒண்ண அழுத்தணும். முப்பது செகண்டு ஆகும். ஒரு தடவ அழுத்தினா மாத்த முடியாது. ... எதையா? அது உன் இஷ்டம். நான் சொல்லக் கூடாது."

பதினைந்து பேருக்கும் அதே வாக்கியங்கள். சாயங்காலம் நான்கு மணிக்குமேல் அவர்களே திரும்பக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஹில்காவின் குரல் எனக்கே கேட்டது: "அழுத்திட்டேன். நல்ல மார்க்குதான் போட்டிருக்கேன் உனக்கு. நடுவுல இருக்கறத!"

"நானும் நடுவுலதான். பிரமாதமா நடத்தற நீ" என்றார் இன்னொருவர்.

ஐந்தாவது 'நடுவுல'வைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மூன்று முகங்கள்: வாய் கொள்ளாமல் சிரிக்கும் பச்சை, வாய் நேர்க்கோடாக இருக்கும் மஞ்சள், அழும் சிவப்பு. பச்சைக்கு முழு மதிப்பு, மஞ்சளுக்குப் பாதி, சிவப்புக்கு ஒன்றுமில்லை. ஊரே சேர்ந்து மஞ்சளை அழுத்தினால் பட்டை சரியாகக் கோட்டில் நிற்கும். எஸ்ஸன்காரனின் ஒரு சிவப்பு போதும், கீழே இழுத்துவிடும். இழுத்தும் விட்டிருந்தது. அழுத்திய யாராலும் இனி மாற்ற முடியாது.

"எல்லாரும் நல்லதுதானே போட்டிருக்காங்க" என்றார் இம்கா. "அந்த பச்சைய யாரு அழுத்துவா? பல்லக் காட்டிக்கிட்டு, லாட்டரி விழுந்தவன் மாதிரி."

 வியாழக்கிழமை இரவே நான் அழுத்தியிருந்தேன். மஞ்சளை. பச்சை முகம் எனக்கும் முகஸ்துதி மாதிரிதான் தெரிந்தது.

ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் நான் எழுதிய ஆய்வு வாடிக்கையாளர் திருப்தியைப் பற்றியது. இதே லேரில் ஒரு கடைவாசலில் நின்று இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் தாள் நீட்டினேன். பெரும்பாலோர் நடுக்கட்டத்தில் குறி வைத்தார்கள். 'வாடிக்கையாளர்களுக்குக் கடைமீது பற்று இல்லை' என்று முடிவெழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். முப்பது வருடங்களாக மழையில் வரிசையில் நின்று அதே கடையில் வாங்குகிற ஆட்கள் அவர்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும், பாடப்புத்தகத்தில் நடு என்றால் என்னவோ அதையே எழுதினேன். பட்டம் வாங்கிய அன்று அப்பா "ம், பரவால்ல" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு வருடம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவளும் நான்தான்.

வெள்ளி மாலை, 'பதில் வராதவர்கள்: மூவர்' என்றது திரை. யார் யார் என்று பெயர் காட்டாது. எங்களுக்குத் தெரியாதா என்ன? மென்னோ போனை எடுக்கவில்லை. டாக்டரிடம் கேட்க இம்காவுக்கு வாய் வரவில்லை. ஓக்கோவின் பெயரை அவர் ஒவ்வொரு தடவையும் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை காலை இருவரும் சைக்கிளில் மென்னோ வீட்டுக்குப் போனோம். கிழவர் கோழிக்கூண்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்.

"வா பொண்ணு. யாரு செத்தா?"

"யாரும் சாகல. நீங்க ஒரு மூஞ்சிய அழுத்தணும், மென்னோ."

நான் விளக்கினேன். இம்கா கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சையை அழுத்தினால்தான் கம்பெனி பிழைக்கும் என்றும் நானே சொன்னேன். மென்னோ என் கைப்பேசியை வாங்கி, கையைத் தூர நீட்டி, மூன்று முகங்களையும் நெடுநேரம் பார்த்தார்.

"பச்சை போட்டா, அதுக்கு மேல என்ன இருக்கு?"

"அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"அப்ப அடுத்த வருஷம் இன்னும் நல்லா நடத்தினா எதப் போடறது? இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன்."

"அடுத்த வருஷம்னு ஒண்ணு இருந்தாத்தானே, மென்னோ!" என் குரல் உயர்ந்துவிட்டது.

"கத்தாத. கோழி முட்டை போடாது." அவர் இம்காவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. நீ பச்சை போடச் சொன்னா போடறேன்."

இம்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோழிக்கூண்டின் தாழ்ப்பாளை நீக்கினார், மறுபடி போட்டார். "மனசுல இருக்கறதப் போடுங்க" என்றார்.

மென்னோ தலையை ஆட்டிவிட்டு, தடித்த விரலால் மஞ்சளை அழுத்தினார். "இத நான் கட்டின பொண்டாட்டிக்கே சொன்னதில்ல" என்று பெருமையாகக் கைப்பேசியைத் திருப்பித் தந்தார். எங்களுக்கு ஆளுக்கு ஆறு முட்டை கிடைத்தது. திரும்பும் வழியெல்லாம் எதிர்க்காற்று. 

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு இம்கா டாக்டருக்குப் போன் செய்தார். இருபத்து மூன்று வருடங்களில் விடுமுறை நாளில் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"டாக்டர், ஒரு சின்ன விஷயம்..."

"சின்ன விஷயமா? என்னாச்சு இம்கா, நீங்க இப்படிப் பேசவே மாட்டீங்களே. எத்தனை நிமிஷம்னு சொல்லுங்க."

"முப்பது செகண்டு" என்று, வழக்கமான குரலில் சொல்லி முடித்தார்.

மறுமுனையில் சிரிப்பு. "பச்சைதான், வேற என்ன? அமெரிக்காவுல மூணு வருஷம் இருந்தேன்ல. அங்க காப்பி ஊத்தறவனுக்கே பச்சை போட்டுப் பழக்கம். நீங்க இல்லேன்னா என் நோயாளிங்க பாதிப்பேர் ஜன்னல் வழியா ஓடியிருப்பாங்க."

போனை வைத்தபோது இம்காவின் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. பட்டை ஏறியது. கோட்டுக்கு மயிரிழை கீழே நின்றது. 'பதில் வராதவர்கள்: ஒருவர்.'

ஓக்கோ.

மூன்றரை ஆயிற்று, நாலரை ஆயிற்று. இம்கா தேநீர்க் கோப்பைகளைக் கழுவினார், துடைத்தார், கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினார். ஐந்து இருபதுக்குக் கைப்பேசியை மேசையில் வைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, எண்ணை அழுத்தினார். 

"மொய்ன்."

"மொய்ன்."

மறுமுனையில் கடற்காக்கைகளின் சத்தம். ஓக்கோ படகில் இருந்தார் போலும்.

"என்ன, கூரை ஒழுகுதா?"

"இல்ல."

"பின்ன?"

"கம்பெனில ஒரு கேள்வி வந்திருக்கும். மூணு மூஞ்சி போட்டு."

"வந்துச்சு."

"ஆறு மணிக்குள்ள பதில் சொல்லணும். என் நிர்வாகத்துல நீ..." இம்கா தலையிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீ திருப்தியா இருக்கியான்னு."

மறுமுனையில் ஓக்கோ எதையோ கீழே வைக்கும் சத்தம்.

"இருபத்தோரு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். ஒரு தடவகூட நீ இதக் கேட்டதில்ல."

"நீயும் சொன்னதில்ல."

"இப்ப கப்பலுக்காகக் கேக்கற."

ஓக்கோவுக்கு நல்ல பதில் ஒன்று தேவைப்பட்ட நேரம் அது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"ஆமா" என்றார் இம்கா. "கப்பலுக்காகத்தான்."

ஓக்கோ மூக்கால் சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. "நான் வியாழக்கிழமையே அழுத்திட்டேன்."

"எத?"

"நடுவுல உள்ளத. அதுக்கு மேல எனக்குப் போடத் தெரியாது, இம்கா."

"தெரியும்" என்றார் இம்கா, மெதுவாக. "கயித்த நல்லா கட்டு, காத்து ஏறுது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. ஓக்கோ வியாழக்கிழமையே அழுத்தியிருந்தால், இன்னும் பதில் வராத அந்த ஒருவர் யார்? ஹில்காவிலிருந்து ஒவ்வொரு பெயராக விரல் விட்டு எண்ணினோம். பத்தொன்பதும் சரியாக இருந்தது. எஸ்ஸன்காரனாக இருக்குமோ என்று நான் கேட்கும்போதே, அவனிடமிருந்து செய்தி வந்து திரையில் விழுந்தது: "என் சிவப்பை முதல் நாளே போட்டாயிற்று. அழகான கப்பல்கள். திங்கட்கிழமை நல்ல விலைக்குப் போகும்."

மணி ஐந்து நாற்பத்திரண்டு. நான் இம்காவின் கணக்குப் பக்கத்தில் இதுவரை தொடாத மூலைகளையெல்லாம் திறந்தேன். 'பங்குதாரர் தபால்' என்று ஒரு பெட்டி. உள்ளே இந்தக் காலாண்டோடு சேர்த்து முப்பத்தாறு கடிதங்கள், ஒன்றுகூடத் திறக்கப்படாமல். எல்லாம் ஒரே கேள்வி. எல்லாம் இம்கா பொப்பிங்காவின் பெயருக்கு.

"நீங்களும் பங்குதாரர்தான்" என்றேன். "எல்லாரையும்விட அதிகப் பங்கு உங்ககிட்டதான் இருக்கு."

"நானா?"

"நீங்கதான் பாக்கி."

இம்கா நாற்காலியில் உட்கார்ந்தார். முகங்கள் மூன்றும் திரையில் வரிசையாக நின்றன. மேலே கேள்வி: இந்த நிர்வாகத்தில் உங்களுக்குத் திருப்தியா?

"நானே என்னப் பத்தியா? இது என்ன கேள்வி?"

"அழுத்துங்க, இம்கா."

"நடுவுல உள்ளத அழுத்திடவா?"

ஒரு தாளில் கணக்கைப் போட்டேன். அவசரத்தில் முதல் தடவை தப்பாக வந்தது. இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் ஒரே விடை. "மஞ்சள் போதாது. கோட்டத் தொடாது. பச்சைன்னா தாண்டிடும்."

"கொஞ்சம்கூடத் தொடாதா?"

'கொஞ்சம்' என்ற சொல்லை அன்றுதான் அவர் வாயிலிருந்து கேட்டேன். "தொடாது" என்றேன்.

ஐந்து ஐம்பது. மௌஸின்மேல் கை இருந்தது, விரல் அசையவில்லை. "போன குளிர்காலத்துல ரெண்டு கப்பல அவசரப்பட்டு வாங்கினேன்" என்றார். "அது தப்பு. கடிதத்துல எழுதினேன்ல."

"எழுதினீங்க. முதல் வரியிலயே எழுதினீங்க. அதனாலதான் ஒருத்தரும் விட்டுட்டுப் போகல."

"அப்படி யாரும் சொல்லலியே."

"சொல்ல மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா? கோழிக்கூண்டுப் பக்கத்துல நின்னுக்கிட்டு நீங்களும் சொல்லலியே."

ஐந்து ஐம்பத்துமூன்று. அடுப்படி ஜன்னலுக்கு வெளியே, ஹெக்கா என்ற பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசல் செங்கல்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து விளக்குமாற்றைத் தூக்கிக் காட்டினார். இம்கா இங்கிருந்து தலையை அசைத்தார். எங்கள் தெருவில் எல்லோர் வீட்டு ஜன்னலும் அப்படித்தான். யார் என்ன சமைக்கிறார்கள், எந்தக் கோப்பையில் குடிக்கிறார்கள் என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தெரியும். மறைக்க எங்களிடம் என்ன இருக்கிறது?

ஐந்து ஐம்பத்தைந்து. இம்கா எழுந்தார். விட்டுவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போனது ஜன்னலுக்கு. ஓரத்தில் அழகுக்காகத் தொங்கிய பூப்போட்ட திரைச்சீலையைப் பிடித்து இழுத்தார். வளையங்கள் கம்பியில் துருவேறிச் சிக்கிக்கொண்டன. இத்தனை வருடங்களில் யாரும் அதை இழுத்ததில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து, ஜூன் மாத வெயிலில், தூசி பறக்க இழுத்து, நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட விடாமல் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மூடினார். அறை இருட்டாயிற்று. திரும்பி வந்து மௌஸைப் பிடித்தார்.

"நீயும் அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்றார்.